சட்டைக்குள் இரண்டாவதாகப் போகும் கை

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலம். உங்கள் மகளும் மாப்பிள்ளையும் நலம். மாப்பிள்ளை மட்டும் காலையில் சட்டை போடும் நேரம் நீங்கலாக நலம். அதற்குக் காரணம் பின்னால் வருகிறது. உங்கள் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது, மாடிப்படி ஏற விடுகிறதா, சம்பந்தியம்மாளுக்குப் புதுக் கண்ணாடி பழகிவிட்டதா என்றெல்லாம் அறிய ஆவலாக இருக்கிறோம்.

போன மாதம் தொலைபேசியில் என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தீர்கள். நீங்கள் சொன்ன சொல் மாறாமல் நினைவிருக்கிறது. "சம்பந்தி, நீங்க சொன்னா கேப்பா. நல்லா ஓடிட்டிருக்கிற வேலையை விட்டுட்டு ஆடை வடிவமைப்புல டாக்டர் பட்டம் வாங்கப் போறாளாம். துணியில என்னங்க ஆராய்ச்சி? மானத்தை மறைக்குது, குளிரைத் தடுக்குது, கதை முடிஞ்சுது. அவ திட்டத்தைப் பாக்கிற கல்லூரிக் குழு கூடறதுக்குள்ள எப்படியாவது பேசி நிறுத்திடுங்க." நானும் "கவலையை விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். முடிவை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற உங்களுக்கு ஒரு வரி போதாது என்று தெரியும். எனக்கும் பத்திரிகையில் செய்தியாளனாக இருந்த பழக்கம், நடந்ததை நடந்த வரிசையில் சொல்லாவிட்டால் சோறு இறங்காது. ஆகவே பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாளே பேசப் போனேன். எங்கள் சாப்பாட்டு மேசையைச் சாப்பாட்டு மேசை என்று இப்போது யாரும் சொல்வதில்லை. அதன்மேல் பழுப்புக் காகிதம் விரித்து, சட்டையின் கைப்பகுதியை மட்டும் விதவிதமாக வெட்டிப் போட்டிருந்தாள் உங்கள் மகள். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகிவிட்டோம். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, நிலையான வேலை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆரம்பித்தேன். அவள் மரியாதையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "மாமா, ஒரு சின்ன சந்தேகம். சட்டை போடும்போது உங்களுக்கு எந்தக் கை முதல்ல போகுது?" என்றாள். "வலதுதான். இதுல என்ன சந்தேகம்?" என்றேன். "போட்டுக் காட்டுங்களேன்" என்றாள். போட்டுக்கொண்டிருந்த சட்டையைக் கழற்றினேன். திரும்பப் போட எடுத்தேன். சம்பந்தி, சத்தியமாகச் சொல்கிறேன், விவரம் தெரிந்த நாளிலிருந்து சட்டை போடுகிறேன். அன்றைக்கு எனக்குப் போடத் தெரியவில்லை. வலது கையை நீட்டினேன், அது தப்பாகப் பட்டது. இடதை நீட்டினேன், அது யாரோ ஒருவருடைய கை மாதிரி இருந்தது. கடைசியில் இரண்டையும் ஒன்றாக நுழைத்து, கழுத்தில் ஒரு பொத்தானோடு மாட்டிக்கொண்டு நின்றேன். அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த என் மனைவி, "வயசான காலத்துல சர்க்கஸ்ல சேரப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உங்கள் மகள் சிரிக்கவில்லை. என்னை அந்தச் சட்டையிலிருந்து மீட்டெடுத்துவிட்டு விளக்கினாள். முதல் கை சும்மா போய்விடுமாம். அதற்குச் சட்டை முழுவதும் கட்டற்றுக் கிடக்கிறது. பாடு முழுவதும் இரண்டாவது கைக்குத்தான். அது முதுகுப்பக்கம் திரும்பி, கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைத் தேடி, வளைந்து நுழைய வேண்டும். தோளில் வலி இருப்பவருக்கு, பக்கவாதம் வந்தவருக்கு, விழுந்து எழுந்தவருக்கு, அந்த ஒரு திருப்பம்தான் மலை. "ஆனா சட்டையோட ரெண்டு பக்கத்தையும் ஒரே மாதிரிதான் வெட்டறோம் மாமா. எங்க துணிக் கம்பெனியில நானே ஆயிரக்கணக்குல வெட்டியிருக்கேன். ஹேங்கர்ல தொங்கும்போது அழகா இருக்கான்னு பாக்கறோம். போட்டு முடிச்சு நிக்கும்போது அழகா இருக்கான்னு பாக்கறோம். போடற அந்த நேரத்துல சட்டை என்ன பண்ணுதுன்னு யார் பாத்தா?" என்றாள். இதைத்தான் ஆராயப் போகிறாளாம்: சட்டைக்குள் இரண்டாவதாகப் போகும் கை.

நான் எத்தனையோ பெரிய மனிதர்களிடம் கேள்வி கேட்டவன். என் கேள்வியால் ஒருவர்கூட சட்டை போட மறந்ததில்லை. இவள் ஒரே கேள்வியில் என்னை ஐந்து வயதுக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள். அறிவுரையின் மீதியை மறுநாளைக்கு ஒத்திவைத்தேன்.

மறுநாள் காலை உங்கள் மாப்பிள்ளை கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, ஒரு கையை உள்ளே விட்டு, எடுத்து, மறு கையை விட்டு, எடுத்து, "அப்பா, நேத்து அவ உங்ககிட்ட கேட்டதை நீங்க என்கிட்ட ஏன் சொன்னீங்க?" என்று கத்தினான். பேருந்து போய்விட்டது. நான் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் சம்பந்தி, ஒரு பெரிய விஷயம் தெரிந்துகொண்டபின் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள எனக்கு வராது. லிஃப்டில் எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாரிடம் சொன்னேன். அவர் மூன்றாம் மாடி பல் டாக்டரிடம் சொன்னார். பல் டாக்டர் அன்று மாலை தன் வெள்ளைக் கோட்டுக்குள் பாதி நுழைந்து நின்றுவிட, நாற்காலியில் நோயாளி வாயைத் திறந்தபடியே காத்திருந்ததாகக் கேள்வி. இரண்டு நாளில் எங்கள் கட்டடம் முழுவதும் காலை நேரத்தில் ஒரு முனகல் சத்தம். ஆளாளுக்கு என்னை நிறுத்தி, "என்ன சார், மருமகள் எல்லாருக்கும் கையைக் கட்டிப் போட்டுட்டாங்களே" என்றார்கள். நானோ ஏதோ பரிசு வாங்கியவன் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

இதில் எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. குழுவின் முன் வைக்கும் திட்டத்தில் ஒரு சிறு முன்னோட்ட ஆய்வும் இருக்க வேண்டுமாம். அதற்காக உங்கள் மகள் எங்கள் கட்டடத்துப் பெரியவர்கள் சிலரிடம் முறைப்படி சம்மதம் வாங்கி, கீழ்த்தளக் கூடத்தில் ஒவ்வொருவரும் சாதாரணமாகச் சட்டை போடுவதை கேமராவில் எடுக்க ஏற்பாடு செய்திருந்தாள். சாதாரணமாக! வந்தவர்கள் ஒவ்வொருவரும் வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். கணக்கு வாத்தியார் கொடிக்கு வணக்கம் செலுத்துகிற மாதிரி ஒரு கையை உயர்த்தி, ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் நுழைத்தார். பல் டாக்டர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி நீச்சல் குளத்தில் பாய்வதுபோலச் சட்டைக்குள் பாய்ந்தார். கூடத்தில் கைதட்டல். "நான் இன்னும் வேகமா போடுவேன், திரும்ப எடும்மா" என்று தண்ணீர் மோட்டாரைக் கவனிக்கும் கட்டடச் சங்கச் செயலாளர் வரிசையில் இரண்டாம் தடவை வந்து நின்றார். யார் போட்டதும் அவரவர் வழக்கமாகப் போடுகிற விதம் இல்லை.

உங்கள் மகள் கேமராவை மடித்து வைத்துவிட்டு மாடிக்கு வந்தாள். காகிதக் கைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். குழு கூட இரண்டே நாள் இருந்தது. "யார்கிட்ட மாமா முதல்ல சொன்னீங்க?" என்று கேட்டாள். கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. "தெரிஞ்சா மாறிடறாங்க. தெரியாம ஒளிஞ்சு பாக்கறது தப்பு. எங்க பேராசிரியை முதல்லயே சொன்னாங்க, இந்த ரெண்டுக்கும் நடுவுல வழி இல்லேன்னா உன் ஆராய்ச்சியே இல்லேன்னு." அவ்வளவுதான் சொன்னாள்.

சம்பந்தி, நீங்கள் கொடுத்த வேலை அந்த இடத்தில் தானாகவே முடிந்துவிட்டது. நான் வாயைத் திறந்து தடுக்க வேண்டியதை, வாயை மூடாததாலேயே தடுத்துவிட்டேன். உடனே உங்களுக்குப் போன் போட்டு நல்ல சேதி சொல்லியிருக்க வேண்டும். எண்ணைக்கூட எடுத்தேன். போட மனம் வரவில்லை. மேசையில் கிடந்த காகிதக் கைகளைப் பார்த்தாலே அந்தப் பெண்ணின் முகம்தான் தெரிந்தது.

மறுநாள் காலை நான் கீழே ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குக் கிளம்பி வந்தவள் என் பக்கத்தில் நின்றாள். நின்றவள் நகரவில்லை. நான் துடைக்கிற துணியையே பார்த்தாள். "மாமா, இது உங்க சட்டையா?" ஆமாம், என் பழைய கோடு போட்ட சட்டை. வாங்கி, எண்ணெய்க் கறையோடு விரித்து, வெயிலுக்கு நேரே பிடித்தாள். சட்டையின் உடம்போடு கை வந்து சேருகிற வளைவு இருக்கிறதே, கைக்குழி என்பார்கள், அதன் பின்பக்கம் வலது புறத்தில் தையல் விட்டு வாயைப் பிளந்திருந்தது. இடது புறத்தில் ஒரு இழைகூட விலகவில்லை. "வேற பழசு இருக்கா?" என்றாள். வேலைக்குப் போகவில்லை. மாடிக்கு ஓடினாள். என் சட்டை எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினோம். பழையவை ஒவ்வொன்றிலும் வலது பின்புறம்தான் நைந்திருந்தது. "ரெண்டாவதாப் போற கை இழுக்கிற இழுப்பு மாமா. ஒவ்வொரு நாளும் அதே இடத்துல இழுத்திருக்கீங்க. அப்படீன்னா நீங்க இடதைத்தான் முதல்ல போட்டிருக்கீங்க" என்றாள். நான் வலது என்று அடித்துச் சொன்னவன். சட்டை இல்லை என்கிறது. "மனுஷங்களைக் கேட்டா குழம்பிடறாங்க. பாத்தா நடிக்கறாங்க. போட்டு நைஞ்ச சட்டைக்கு அந்த வெட்கம் எல்லாம் கிடையாது. சொந்தக்காரர்கிட்ட சொல்லிட்டே வாங்கலாம், ஒளிக்க வேண்டியது ஒண்ணுமில்ல. போட்டு முடிச்ச சட்டையை யாராலயும் திரும்ப ஒத்திகை பாத்துப் போட முடியாதே!" அவள் சொல்லிக்கொண்டே போக, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் பீரோவுக்குள் இத்தனை நாளாக இத்தனை சாட்சிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தது எனக்குத் தெரியாது.

என் சட்டைகளைக் குழுவின் முன் காட்டலாமா, பேர் சொல்ல மாட்டேன் என்று கேட்டாள். தாராளமாக என்றேன். கடைசியில் இருந்த இரண்டு மூன்று புதுச் சட்டைகளை மட்டும் அவள் நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் அவற்றையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

குழு கூடியது கல்லூரியின் மேல்மாடியில் ஒரு நீள அறையில். சுவரோரம் தலையில்லாத உடற்பொம்மைகள் வரிசையாக நின்றன. குடும்பத்தார் பின்வரிசையில் உட்காரலாம் என்றார்கள். நானும் என் மனைவியும் உட்கார்ந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவி, ஒரு வார்த்தை பேசாமல் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். வலப்பக்கத்தில் இருந்த ஒரு தாடிக்காரர்தான் எல்லாருக்கும் சேர்த்துப் பேசினார். "இதெல்லாம் தையற்கடை சமாச்சாரம் இல்லையாம்மா? இதுல ஆராய்ச்சி எங்க இருக்கு?" சம்பந்தி, அச்சு அசலாக உங்கள் குரல்! உங்கள் மகள் என் சட்டைகளைப் பழையதிலிருந்து புதியதுவரை மேசைமேல் வரிசையாக விரித்தாள். என் எண்ணெய்க்கறைச் சட்டை அவ்வளவு படித்தவர்கள் முன்னால் கிடப்பதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "இது எல்லாம் ஒருத்தரோடது. இங்க வரைக்கும் வலது பக்கம் நைஞ்சிருக்கு. இந்தச் சட்டையிலிருந்து பாருங்க, இடது பக்கம் நைய ஆரம்பிக்குது. அதாவது, இந்த இடத்துல அவர் கையை மாத்தியிருக்கார். இடதை முதல்ல போட்டவர் வலதை முதல்ல போட ஆரம்பிச்சிருக்கார்."

"ஏன்?" என்றார் தாடிக்காரர்.

"தெரியாது சார். சட்டை அதுவரைக்கும்தான் சொல்லும். பெரும்பாலும் வலிக்கிற கையைத்தான் முதல்ல போடுவாங்க, திருப்ப வேண்டியதில்லையே. ஆனா இவருக்கு அதுதான் காரணம்னு அவர் சொல்லாம நான் சொல்ல முடியாது."

"அப்ப இது வெறும் ஊகம்" என்று அவர் பேனாவை மூடினார். மூடிய சத்தம் பின்வரிசைவரை கேட்டது.

உங்கள் மகள் திரும்பி என்னைப் பார்க்கவே இல்லை, சம்பந்தி. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. பார்க்காமல் நின்றாள். நான் எழுந்தேன். "வலிங்க" என்றேன். அறையே திரும்பியது. "வலது தோள். தூக்க முடியல. கையை மாத்தினது எனக்கே தெரியாது. வலி மட்டும் தெரியும். வீட்ல யார்கிட்டயும் சொல்லல."

பென்சில் உருளுவது நின்றது. தலைவி முதல்முறையாக வாயைத் திறந்தார். "எதனால வந்தது ஐயா?" பொய் சொல்ல நினைத்தேன். ஆனால் மேசைமேல் என் சட்டைகள் கிடந்தன; அவை இன்னும் என்னென்ன சொல்லுமோ என்று பயமாகிவிட்டது. "பூப்பந்து ஆடறதுல" என்றேன். பக்கத்திலிருந்து, மிக மெதுவாக, என் மனைவியின் குரல்: "காலையில நடக்கப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போவீங்க?" சம்பந்தி, கூடவே வாழ்கிற மனைவி கண்டுபிடிக்காததை, எனக்கே தெரியாததை, ஒரு நைந்த தையல் கண்டுபிடித்துச் சபையில் வைத்துவிட்டது. தாடிக்காரர் எழுந்து வந்து சட்டைகளைக் கையிலெடுத்துப் பார்த்தார். பிறகு யாரும் கேட்காமலே தன் கோட்டைக் கழற்றி, அதன் கைக்குழியைத் திருப்பிப் பார்த்தார். திரும்பப் போட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

திட்டம் ஏற்கப்பட்டது. ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த அமர்வுக்குள் அறுபது வயது தாண்டியவர்கள் போட்டு நைந்த சட்டைகள் நாற்பதைச் சேர்த்து, உள்ளது உள்ளபடி கொண்டுவந்து வாசித்துக் காட்ட வேண்டும். அது சரியாக வந்தால்தான் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு. உங்கள் மகள் வேலையிலிருந்து விடுப்புக் கேட்டிருக்கிறாள். கட்டடத்தில் நானே வீடு வீடாகப் போய், இந்தத் தடவை வாயை அளந்து திறந்து, நாற்பது சட்டைகளையும் சேர்த்துவிட்டேன். கணக்கு வாத்தியார் போட்டிருந்ததையே கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு நின்றார். எல்லாம் எங்கள் உள்ளறையில் மூட்டையாக, என் மனைவியின் பொறுப்பில், பத்திரமாக இருக்கின்றன. வலிக்கு டாக்டரிடமும் காட்டியாகிவிட்டது. பூப்பந்து மட்டையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரியவில்லை.

ஆகவே சம்பந்தி, நீங்கள் ஒப்படைத்த பொறுப்பில் நான் முழுமையாகத் தோற்றுவிட்டேன். துணியில் என்ன ஆராய்ச்சி என்று கேட்டீர்கள். எனக்கும் தெரியாதுதான். ஆனால் நாளைக் காலை நீங்கள் சட்டை போடும்போது ஒரு நொடி நின்று பாருங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால், நீங்கள் பார்க்காத இடத்தில், உங்கள் கை ஒன்று தட்டித் தடவி வழி தேடிக்கொண்டிருக்கும். அதற்கு உதவி செய்யக் கிளம்பியிருக்கிறாள் நீங்கள் பெற்ற பெண். அவளுடைய கேள்விக்கு முன்னால் நான் கைகட்டி நிற்கிறேன். நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. எல்லாம் தயாராக, குறையில்லாமல் இருக்கிறது. அடுத்த அமர்வுக்கு வந்து பின்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் இருவரின் அன்பான விசாரிப்பைச் சொல்லுங்கள். உங்கள் முழங்கால் உங்களைத் தாங்கட்டும், நம் பிள்ளைகள் நம்மைத் தாங்கட்டும் என்று வேண்டிக்கொண்டு,

என்றும் உங்கள் மதிப்பை விரும்பும்,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உள்ளறையிலிருந்து உங்கள் மகளின் குரல் "அத்தை!" என்று கேட்டது. ஓடினேன். நாற்பது சட்டைகளும் துவைத்து, இஸ்திரி போட்டு, அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கிழிந்த கைக்குழி ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் என் மனைவி உட்கார்ந்து தைத்திருக்கிறாள். "அவ்வளவு பெரிய படிப்பு படிச்சவங்க முன்னாடி கிழிஞ்சதையா கொண்டு போய் வைக்கறது? நம்ம வீட்டைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்கிறாள். சரி, தைத்த இடத்தைப் பார்த்தாவது எந்தப் பக்கம் கிழிந்திருந்தது என்று கண்டுபிடிக்கலாமே என்று உங்கள் மகள் புரட்டினாள். ஒரு பக்கம் மட்டும் தையல் தெரிந்தால் அசிங்கமாக இருக்கும் என்று நன்றாக இருந்த பக்கத்தையும் சேர்த்தே தைத்திருக்கிறாள். எது எந்தப் பக்கம் என்று இனிக் கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. எங்கள் கட்டடத்தில் இனி ஒரு நைந்த சட்டை கிடையாது. ஆகவே செய்ய வேண்டியது எதுவுமில்லை என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். "அப்பாகிட்ட மட்டும் கேக்காதீங்க மாமா, அவருக்குப் பிடிக்காது" என்றாள் உங்கள் மகள். அதனால் அவளுக்குத் தெரியாமல் கேட்கிறேன். உங்களுடையது, உங்கள் அண்ணன் தம்பிகளுடையது, உங்களோடு ஓய்வுபெற்றவர்களுடையது, எவ்வளவு மோசமாகக் கிழிந்திருந்தாலும் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். மூட்டையை நீங்களே கட்டுங்கள். கட்டும்போது சம்பந்தியம்மாள் கையில் ஊசி இல்லை என்பதை ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.